வெட்டும் உரிமையையும் கொடுங்கள்

இலவசமாகக் கிடைத்த தேக்கு, மகோகனிக் கன்றுகளை வரப்பில் நடத் தயங்கும் உழவரை, விவரம் தெரியாதவர் என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வது வாடிக்கை. உண்மையில் விவரம் தெரிந்ததால்தான் அவர் தயங்குகிறார்.

மரம் வளர வளர வரப்பை ஒட்டிய நான்கைந்து வரிசை நெல் நிழலில் வெளிறும். கதிர் பிடிப்பது குறையும். பயிர்ப் பக்கமாகக் காண் வெட்டி வேரை அறுத்துவிட வேண்டும், ஆண்டுதோறும் கவாத்து செய்ய வேண்டும். அந்த ஆள்கூலியும் அவர் தலையில்தான் விழும். தமிழக அரசு 2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்போரம் நட ஏக்கருக்கு 50 கன்றுகள் தரப்படுகின்றன. பிழைத்த கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை, மூன்று ஆண்டுகளுக்கு. ஐம்பதும் பிழைத்தாலும் ஆண்டுக்கு 350 ரூபாய். இன்றைய கூலிக்கு ஓர் ஆளை அரை நாள் நிறுத்தத்தான் ஆகும்.

ஆனாலும் தொகையை உயர்த்துவதல்ல நமது முதல் கோரிக்கை. மரம் விலைபோகும் என்ற உறுதி இருந்தால் உழவர் ஊக்கத்தொகையை எதிர்பார்ப்பதே இல்லை. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்குத் தோப்புகளைப் பாருங்கள். நட்ட முதல் ஆண்டில் இடையில் மணிலாவோ உளுந்தோ போட்டு எடுக்கிறார்கள். உளுந்துக்குப் பாய்ச்சிய தண்ணீரிலேயே சவுக்கும் வேர் பிடித்துவிடுகிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டினால் காகித ஆலை வாங்கும், சாரக் கம்புக்கும் போகும். வெட்ட யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வட்டாரத்தில் சவுக்கு நடச் சொல்லி யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

தேக்கின் கதை வேறு. சொந்தப் பட்டா நிலத்தில் வளர்த்த மரத்தையே வெட்டி வண்டியில் ஏற்ற கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று, வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு என்று நடையாய் நடக்க வேண்டும். அலைய முடியாதவர் நின்ற மரத்தையே தரகரிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார். இதைக் கண்ட பக்கத்து வயல்காரர் தன் வரப்பில் தானாக முளைத்த கன்றைக்கூடக் களையோடு களையாகப் பிடுங்கிப் போடுவார்.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாடு இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. மரமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்ற காலனியச் சட்டத்தின் நிழலில் உழவர்கள் வயலில் மரத்தை விடவே இல்லை. 1980களில் மராடி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், மண்ணுக்குள் உயிரோடு கிடந்த பழைய அடிக்கட்டைகளின் துளிர்களை விட்டு வளர்க்கும் முறையை உழவர்களோடு சேர்ந்து பரப்பினார். கன்று வாங்கும் செலவே இல்லை. வனக் காவலரின் கெடுபிடி தளர்ந்து, வளர்த்தவருக்கே மரம் என்ற நிலை வந்ததும் அது தீப்போலப் பரவியது. இன்று சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் கம்புக்கும் சோளத்துக்கும் நடுவே மரங்கள் நிற்கின்றன. அங்குள்ள 'காவோ' மரம் மழைக்காலத்தில் இலையுதிர்த்துப் பயிருக்கு வெயிலை விட்டுக்கொடுக்கும் விந்தை நம் மரங்களுக்கு இல்லைதான். வெட்டும் உரிமையைத் தருவதற்கு அந்த விந்தை தேவையில்லையே!

வேளாண்காடுகளுக்கென 2014இல் தனிக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியா. வேளாண் நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியதோ 2025 ஜூனில்தான். பதினோரு ஆண்டுத் தாமதம்! மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 ஆக்குவோம் என்று 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கிய அரசுக்கு, அந்த இடைவெளியை உழவர் நிலம் இல்லாமல் நிரப்ப முடியாது என்பது தெரியும்.

ஆகவே வரப்பு மரங்களையும் பயிரோடு சேர்த்து அடங்கலில் ஏற்ற வேண்டும்; அந்தப் பதிவே வெட்டவும் கொண்டுசெல்லவும் போதுமான ஆவணம் என்று அரசாணை வர வேண்டும். இயற்கைக் காடுகளை ஒட்டிய கிராமங்களுக்கு மட்டும் கூடுதல் சரிபார்ப்பு இருக்கட்டும். திருட்டு மரம் பட்டா மரமாக வேடம் போடும் ஆபத்து அங்கே உண்மையானது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவர்களையும் மறந்துவிடக் கூடாது. மரம் நட்டால் நிலத்தில் உரிமை கொண்டாடிவிடுவார் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். பத்தாண்டு கழித்து மரம் யாருக்கோ என்று குத்தகைதாரர் ஒதுங்குகிறார். மரத்தின் பங்கை மட்டும் எழுதிக்கொள்ளும், நில உரிமையைத் தொடாத ஓர் எளிய ஒப்பந்தப் படிவத்தை வருவாய்த் துறை வெளியிட வேண்டும். அடுத்த பருவக் கன்றுகள் நாற்றங்காலை விட்டுக் கிளம்பும் முன் இவை நடக்க வேண்டும்.