எஃகா, கான்கிரீட்டா?

'எஃகுப் பாலம், கான்கிரீட் பாலம் - வேறுபடுத்துக' என்ற கேள்விக்கு நாம எல்லோருமே நடுவில் ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கமும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் அந்தக் கோடு சொல்வதே இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்களுடையது தறி வீடு. புடவைக்கு ஆர்டர் வந்தால் அப்பா முதலில் கேட்பது, "கல்யாணத்துக்கா, தினம் கட்டவா?" என்றுதான். நூல், ஜரிகைப் பேச்செல்லாம் அப்புறம். பாலத்துக்கும் அப்படித்தான் கேட்கணும் என்பது என் கட்சி.

பாம்பனைப் பாருங்கள். 1914-இல் திறந்த ரயில் பாலம், நடுக்கடலில் எஃகு கர்டர்கள். அரிப்பைச் சோதிக்கவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பக்கத்து மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது, உப்புக்காற்று அப்படி! 'அங்கே போயா எஃகு?' என்று நானும் சிரித்தவன்தான். 1964 டிசம்பர் புயலில் 120-க்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போயின. அவற்றில் பலவற்றைக் கடலிலிருந்தே தூக்கி, மறுபடி தூண் மேல் வைத்து, இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். விழுந்து உடைந்த கான்கிரீட்டை இப்படி எடுத்து மாட்ட முடியுமா? சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தே 2022 டிசம்பர் வரை அதில் ரயில் ஓடியது.

பக்கத்திலேயே 1988-இல் திறந்த சாலைப் பாலம், முன்தகைவு கான்கிரீட். பெயின்ட் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் துரு பெருத்து, கான்கிரீட்டையே பிளந்துவிடும். எஃகு தன் வியாதியை வெளியே காட்டும். கான்கிரீட் முற்றும்வரை மறைக்கும். அதனால்தான் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, வெளியே கர்டர்களுக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சு.

அதுக்காக நம்ம செவிலிமேட்டில் பாலாற்றின் மேல் எஃகு போடச் சொல்ல மாட்டேன். கடல் காற்று இல்லை, வருஷத்தில் பல மாதம் தண்ணீரே இல்லை (அது தனி சோகம்). கான்கிரீட்டே போதும். மணலை அள்ளி அஸ்திவாரத்தை வெளியே காட்டினால் எந்தப் பொருளும் தாங்காது, அது வேற விஷயம்.

போன வைவாவில் வெளித்தேர்வாளர், "எதுப்பா சிறந்தது?" என்றார். "எங்கே சார் கட்டப் போறோம்? பெயின்ட் அடிக்க யார் வருவாங்க?" என்று கேட்டுவிட்டேன். சார் சிரிச்சார். மார்க் இன்னும் வரவில்லை.