‘கால் மரத்துப்போகுதுங்க சிஸ்டர்’: நோயாளியின் குடும்பம் சொன்னால் யார் கேட்பது?

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் காலையில் சென்ட்ரல் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். மடியில் பெரிய ஸ்கேன் கவர், கட்டைப் பையில் ஃபிளாஸ்க், மாற்றுத் துணி. பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். ‘எங்கம்மா காட்றீங்க?’ என்று கேட்டால் முழுக் கதையும் வரும். முதலில் தெருமுனை கிளினிக், அடுத்து ஆவடியிலோ திருவள்ளூரிலோ ஓர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ‘பெரிய இடத்துக்கு எடுத்துட்டுப் போங்க’ என்று ஒரு சீட்டு, இப்போது கீழ்ப்பாக்கம் அல்லது சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

புறநகரில் வாழும் குடும்பங்களுக்கு இந்தப் பாதை நன்றாகத் தெரியும். வழியில் டாக்டர் மாறுவார், நர்ஸ் மாறுவார், கேஸ் ஷீட்டும் மாறும். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மாறாமல் கூடவே இருப்பவர் வீட்டு ஆள் ஒருவர்தான். ‘நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க, இப்ப வேற மாதிரி இருக்காங்க’ என்று சொல்லக்கூடியவரும் அவர்தான். ஆனால் நம் மருத்துவமனைகளில் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இடம் வராந்தா. அவர் சொல்வதைப் பதிவு செய்யவும், அதற்குப் பதில் தரவும் முறையான ஓர் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறதா?

பெரியார் நகரில் நடந்தது

2022 நவம்பர் 7. சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கல்லூரி மாணவி, கால்பந்து வீராங்கனை. முழங்காலில் ஜவ்வு கிழிந்ததற்காகக் கொளத்தூர் பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். விளையாட்டு வீரர்களுக்கு வழக்கமாகச் செய்யப்படும் சிகிச்சைதான் அது. அதற்குப் பிறகு போடப்பட்ட அழுத்தக் கட்டு மிக இறுக்கமாக இருந்ததால் காலுக்கு ரத்த ஓட்டம் தடைபட்டது. ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கால் அகற்றப்பட்டது. அப்படியும் பலனில்லை. உடலின் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, நவம்பர் 15 அன்று அவர் இறந்தார். கட்டு இறுக்கமாகப் போடப்பட்டதே காரணம் என்று சுகாதார அமைச்சரே சொன்னார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு ‘டாக்டர் தப்பு’ என்று சொல்லி அடுத்த செய்திக்குப் போய்விடலாம். ஆனால் கட்டு இறுகியதற்கும் கால் போனதற்கும் நடுவே மணிக்கணக்கில் நேரம் இருந்தது. ரத்த ஓட்டம் நின்றால் உடல் சும்மா இருக்காது, சொல்லிக்கொண்டே இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு இருக்க வேண்டிய வலியைவிட அதிக வலி, வலி ஊசி போட்டும் குறையாத வலி, விரல்களில் மரத்துப்போன உணர்வு, தோல் வெளிறுவது, பாதம் ஜில்லென்று ஆவது, கால் விரலை அசைக்க முடியாமல் போவது. இந்த அறிகுறிகள் தெரிந்த சில மணி நேரத்துக்குள் கட்டைத் தளர்த்தி, தேவைப்பட்டால் உடனே அடுத்த சிகிச்சைக்குப் போனால் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. நேரம் போகப் போகத் தசை செத்து, அதன் நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும்.

இந்த அறிகுறிகளைக் கவனிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவால் முடியும். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். கவனித்ததைச் சொன்னால் யாராவது உடனே வந்து பார்க்கவும் வேண்டும். இரண்டும் அவசியம்.

எவ்வளவு பெரிய பிரச்சினை இது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சை பெறும் 10 பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது. பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இந்தத் தீங்குகளில் பாதிக்கு மேல் தடுக்கக்கூடியவை. அவற்றிலும் ஏறக்குறைய பாதி, மருந்து சம்பந்தப்பட்டவை: மருந்து மாறிப்போவது, அளவு கூடிப்போவது, ஒத்துக்கொள்ளாத மருந்தைக் கொடுப்பது.

தடுக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அந்த நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கான 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. டெல்லி உட்பட 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பட்டியலின் முதல் கேள்வி நோயாளியிடம்தான் கேட்கப்படுகிறது: உங்கள் பெயர் என்ன, எந்த இடத்தில், என்ன ஆபரேஷன், சம்மதம் கொடுத்தீர்களா?

2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17, உலக நோயாளி பாதுகாப்பு நாள். 2023-இல் அதன் கருப்பொருளே நோயாளிகளையும் குடும்பங்களையும் பாதுகாப்பில் பங்கேற்க வைப்பதுதான்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2007-இல் ரையான் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை மருத்துவமனையில் இறந்தது. குழந்தையின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் கவலைப்பட்டிருந்தார்கள். அது உரிய வேகத்தில் கேட்கப்படவில்லை. 2013-இல் அங்கே ‘ரையான் விதி’ வந்தது. மூன்று படிகள். முதலில் கவனித்துக்கொள்ளும் நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் பொறுப்பு நர்ஸிடம். அப்படியும் கவலை தீரவில்லையென்றால் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து, மறுபரிசோதனை கேட்கலாம்.

இங்கிலாந்தில் 2021-இல் மார்த்தா என்ற 13 வயதுச் சிறுமி, சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் காயம்பட்டு, பிறகு கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி இறந்தார். அங்கும் பெற்றோர் கவலையைச் சொல்லியிருந்தார்கள். முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார் என்று மரண விசாரணை அதிகாரி சொன்னார். அம்மா விடாமல் போராடினார். 2024-இல் ‘மார்த்தா விதி’ முதல் கட்டமாக 143 மருத்துவமனைகளுக்கு அறிவிக்கப்பட்டது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பம் நினைத்தால், அந்த வார்டைச் சேராத வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை 24 மணி நேரமும் அழைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

இரண்டு விதிகளுக்கும் அடிப்படை ஒன்றே. மருத்துவம் தெரியாதவர் சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. ‘இன்னொருத்தர் வந்து ஒரு தடவை பாருங்க’ என்று கேட்கும் உரிமை மட்டும் அவருக்குக் கிடைக்கிறது. வந்து பார்த்துவிட்டு ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அது நல்ல செய்திதான்.

நம் சட்டம் என்ன தருகிறது?

இப்படி உடனடியாக அழைக்கும் உரிமை நம்மிடம் இல்லை. ஆனால் கையில் இருக்கும் உரிமைகளே பலருக்குத் தெரிவதில்லை.

ஆவணங்கள்: இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘கேஸ் ஷீட் எல்லாம் தர மாட்டோம்’ என்று சொன்னால், எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

சம்மதம்: 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே இருந்த அம்மாவின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். அவசர ஆபத்து இல்லாத நிலையில், சுயநினைவு திரும்பியதும் முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காக அம்மா சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். இது குடும்பங்களுக்கும் ஒரு பாடம். ‘அப்பாவுக்கு எதுவும் சொல்லாதீங்க டாக்டர்’ என்று நாமே நோயாளியின் வாயை அடைப்பதும் பாதுகாப்புக்கு எதிரானதுதான். குடும்பம் நோயாளிக்குத் துணையாகப் பேச வேண்டும், அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் பேசக் கூடாது.

புகார்: கட்டணம் வாங்கும் மருத்துவமனைகளின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நெமிலிச்சேரிக்காரர் என்றால் திருவள்ளூர் மாவட்ட ஆணையம் போதும், சம்பவம் சென்னையில் நடந்திருந்தாலும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே ஆர்எம்ஓ எனப்படும் நிலைய மருத்துவ அலுவலர், டீன் அல்லது கண்காணிப்பாளர், 104 மருத்துவ உதவி எண், முதல்வரின் 1100 என்று போக வேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் எதுவானாலும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகலாம்.

கவனித்தீர்களா? இவற்றில் பெரும்பாலானவை எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் நியாயம். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் உதவுவதற்கு எதுவும் இல்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்யலாம்?

சட்டம் வரும்வரை கையில் இருக்கும் போனும் கொஞ்சம் முன்தயாரிப்பும்தான் துணை.

• வீட்டிலேயே ஒரு பக்கக் குறிப்பு தயாரியுங்கள்: என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்காது, முன்பு என்ன ஆபரேஷன். மாத்திரை அட்டைகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். ‘அந்த வெள்ளை மாத்திரை, சின்னது’ என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது.

• வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, கடைசியாக என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பது சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு கேட்க ஆள் இருக்காது.

• ஊசியோ மாத்திரையோ வரும்போது ‘இது எதுக்கு சிஸ்டர்? இவங்க பேரு பார்த்துட்டீங்களா?’ என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

• ஆபரேஷன் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: ‘எது நடந்தா நாங்க உங்களை உடனே கூப்பிடணும்?’ பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

• மாற்றம் தெரிந்தால் பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். ‘ஒரு மாதிரியா இருக்காங்க’ என்பதைவிட, ‘பத்து மணிக்கு விரலை அசைச்சாங்க, இப்ப முடியல, பாதம் ஜில்லுன்னு இருக்கு’ என்பது டியூட்டி டாக்டரை எழுந்து வர வைக்கும். நேரத்தோடு குறித்து வையுங்கள்.

• பதில் இல்லையென்றால் அடுத்த படி: பொறுப்பு நர்ஸ், டியூட்டி டாக்டர், ஆர்எம்ஓ. மரியாதையாக, ஆனால் விடாமல்.

• உறவுக்காரர்கள் பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்டால் யாருக்கும் பதில் கிடைக்காது. பேசுவதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

கத்தி எதையும் சரிசெய்யாது

2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் ஒரு நோயாளியின் மகன். இதற்கு எந்த நியாயமும் கிடையாது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பயந்துபோன டாக்டர், ஆபத்தான நோயாளியைத் தொடவே யோசிப்பார். கடைசியில் நஷ்டம் அடுத்த நோயாளிக்குத்தான்.

பல வார்டுகளில் ஒரு நர்ஸ் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்பது போய்ப் படுத்தவர்களுக்குத் தெரியும். ‘சொல்லியும் வரல’ என்று நாம் கோபப்படும் நேரத்தில் அவர் இன்னொரு படுக்கையில் யாருக்கோ ஆக்சிஜன் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதனாலேயே இதை ஒரு நர்ஸின் பொறுமையையும் ஒரு குடும்பத்தின் தைரியத்தையும் நம்பி விட்டுவிடக் கூடாது. பெரிய குரல் உள்ளவருக்கும் ‘ஆளைத் தெரிந்தவருக்கும்’ மட்டும் கதவு திறக்கும் இடத்தில், பேசத் தயங்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன நடக்கும்?

அரசு செய்ய வேண்டியது

கோரிக்கை பெரியதில்லை. முதலாவது, ஒவ்வொரு மருத்துவமனை வார்டிலும், அரசோ தனியாரோ, தமிழில் ஒரு பலகை: ‘நோயாளியின் நிலை மோசமாகிறதா? முதலில் இவரிடம் சொல்லுங்கள், பிறகு இவரிடம், பிறகு இந்த எண்ணுக்கு.’ இரண்டாவது, அந்த எண்ணை எடுப்பவர் அந்த வார்டைச் சேராத மூத்த மருத்துவராக இருக்க வேண்டும், வந்து பார்த்ததைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். மூன்றாவது, எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை பேருக்குச் சிகிச்சை மாற்றப்பட்டது என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும். 104 என்ற எண்ணும், மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளும் ஏற்கெனவே உள்ள மாநிலம் இது. முதலில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கி, பிறகு ஆவடி, பூந்தமல்லி போன்ற இடங்களுக்குக் கொண்டுவரலாம்.

பெரியார் நகர் சம்பவத்துக்குப் பிறகு பணியிடை நீக்கம், இழப்பீடு, வழக்கு என எல்லாம் வந்தன. அடுத்த முறை ஒரு பிள்ளை ‘கால் மரத்துப்போகுதும்மா’ என்று சொல்லும்போது, அந்த அம்மா எந்த எண்ணை அழைப்பது என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. முதலில் அதைத்தான் சுவரில் எழுத வேண்டும்.