பெரோவ்ஸ்கைட் வெறும் ஆய்வுக்கூட விளையாட்டா?

பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரியக் கலங்களைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கூடவே ஒரு மறுமொழியும் வரும்: "இதெல்லாம் பேராசிரியர்கள் கட்டுரை எழுத உதவும் சரக்கு. சிலிக்கான் பேனல் விலை அடிமட்டத்துக்கு வந்தாயிற்று, இன்னொன்று எதற்கு?" சோலார் தொழிலில் இருப்பவர்களே இப்படிப் பேசுவதால் இந்தப் பேச்சுக்குக் கனம் கூடிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பல தனி வாதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் உண்மையில் வலுவானது.

சிலிக்கானே போதும் என்பது முதல் வாதம். சிலிக்கானுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதை இது மறந்துவிடுகிறது. ஒற்றைப் பொருளால் ஆன கலம் சூரிய ஒளியில் எவ்வளவை மின்சாரமாக்க முடியும் என்ற கணக்கை இயற்பியலாளர்கள் ஷாக்லியும் குவைசரும் 1961-லேயே போட்டுவிட்டார்கள். சிலிக்கானின் தனிக் குறைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதன் வரம்பு சுமார் 29.4 விழுக்காடு. சீனாவின் லாஞ்சி நிறுவனம் 2024-இல் 27.3 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டே புள்ளிகள். அதையும் முழுதாக எட்ட முடியாது. எலெக்ட்ரானை விடுவிக்க சிலிக்கானுக்கு 1.12 எலெக்ட்ரான் வோல்ட் போதும். நீல ஒளித்துகள் ஒன்று அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றலோடு வருகிறது. உபரி முழுவதும் சூடாகிப் போகிறது. எந்தத் தொழிற்சாலைத் திறமையாலும் இதை மாற்ற முடியாது.

சிலிக்கானின் மேல், எலெக்ட்ரானை விடுவிக்க 1.68 எலெக்ட்ரான் வோல்ட் கேட்கும் பெரோவ்ஸ்கைட் படலம் ஒன்றைப் பூசினால் அது சல்லடை போல வேலை செய்கிறது: நீலத்தையும் பச்சையையும் தான் பிடித்துக்கொண்டு, சிவப்பின் கோடியையும் அகச்சிவப்பையும் கீழே விடுகிறது. இரண்டு கலங்களும் தொடரில் இணைவதால் மின்னோட்டம் ஏறக்குறையப் பாதியாகும், மின்னழுத்தமோ 0.7 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டை நெருங்கும். பெருக்கிப் பார்த்தால் லாபம் தெரியும். இரண்டடுக்குக்கான கோட்பாட்டு வரம்பு 45 விழுக்காடு அளவில் இருக்கிறது.

பேனல் மலிவாகிவிட்டது என்பதும் எதிர்த்தரப்புக்கு உதவாது. பேனல் மலிவானதால்தான் மற்றச் செலவுகள் பெரிதாகத் தெரிகின்றன. நிலம், இரும்புச் சட்டம், கண்ணாடி, ஒயர், ஆள்கூலி எல்லாம் பரப்பைப் பொறுத்தவை. 22 விழுக்காட்டுப் பேனலுக்குப் பதில் 28 விழுக்காட்டுப் பேனல் வைத்தால் அதே மின்சாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான பரப்பு மிச்சமாகும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் போக மீதி மாடியில்தான் பேனல் என்றிருக்கும் வீட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

பல அடுக்குக் கலம் என்பதே நிரூபிக்கப்படாத யோசனை என்று சிலர் சொல்வது வேடிக்கை. செவ்வாயில் ஓடிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளின் முதுகில் இருந்தவை மூன்றடுக்குக் கலங்கள். காலியம், ஆர்சனிக், ஜெர்மானியம் கலந்த அவற்றின் ஒரே குற்றம் விலை. பெரோவ்ஸ்கைட்டை மை போல் கரைத்துப் பூசி, 150 டிகிரிக்கும் குறைவான சூட்டில் படிகமாக்கலாம் என்பதுதான் இத்தனை பேர் அதன் பின்னால் ஓடக் காரணம்.

அடுத்தது நகக்கண் வாதம். சாதனை எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டர் கலத்தில்தான் என்கிறார்கள். பெரும்பாலும் உண்மை. 2025 ஏப்ரலில் லாஞ்சி அறிவித்த 34.85 விழுக்காடு சின்னக் கலத்தின் எண்தான். ஆனால் அதே ஆண்டில் 260 சதுர சென்டிமீட்டருக்குப் பெருக்கியபோது அது 33 விழுக்காட்டில் நின்றது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் 2024 செப்டம்பரில் அமெரிக்க மின்நிலையம் ஒன்றுக்காக அனுப்பிய பேனல்களின் திறன் 24.5 விழுக்காடு. சாதனை எண்ணிலிருந்து இவ்வளவு இறக்கமா என்று கேட்பது நியாயம். விற்பனைக்கு வரவே வராது என்பது மட்டும் பழங்கதை.

இனி வலுவான வாதம்: வெயிலில் தாங்காது. 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழு செய்த முதல் கலத்தின் திறன் 3.8 விழுக்காடு, அதுவும் திரவ மின்பகுளியில் கரைந்து சில நிமிடங்களில் உயிரை விட்டது. அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம் என்று மார்தட்டுவதைவிட, ஏன் கெடுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. இந்தப் படிகம் மிருதுவானது. அதில் அயனிகள் நகர்கின்றன. ஆரம்பத்தில் பயன்பட்ட மெத்தில் அம்மோனியம் சூட்டில் ஆவியாகிவிடும். ஆகவே சீசியமும் ஃபார்மமிடினியமும் அதன் இடத்துக்கு வந்தன. மேலடுக்குக்குத் தேவையான 1.68 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளியை (எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவைப்படும் ஆற்றலை) எட்ட அயோடைடுடன் புரோமைடைக் கலக்க வேண்டும். இங்கே சிக்கல் இன்னொரு வழியில் நுழைகிறது: வெளிச்சம் பட்டதும் இரண்டும் பிரிந்து தனித்தனித் திட்டுகளாகின்றன. ஆய்வாளர் எரிக் ஹோக் இதை 2014 வாக்கில் காட்டினார். அவர் பெயராலேயே இது அறியப்படுகிறது. மேலும் அகலமான ஆற்றல் இடைவெளி வேண்டிய மூன்றடுக்குக் கலங்களில் இது இன்னும் மோசம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் படிகத்துக்குள் சயனேட் அயனியைப் புகுத்தி இந்தப் பிரிவைக் கட்டுப்படுத்தி, 2024-இல் மூன்றடுக்குக் கலத்தில் 27.1 விழுக்காடு எடுத்தார்கள். நோய்க்குப் பெயர் தெரியும், காரணம் தெரியும், சில மருந்துகளும் கையில் இருக்கின்றன. "தாங்காது" என்பவர்கள் இதை விதி போலப் பேசுகிறார்கள்.

ஆனால் 25 ஆண்டு உழைக்கும் என்று இன்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. 85 டிகிரி சூடு, 85 விழுக்காடு ஈரப்பதம், 1000 மணி நேரம் என்ற வழக்கமான சோதனையில் தேறினேன் என்று ஒரு நிறுவனம் சொன்னால் உடனே கைதட்டவும் வேண்டாம். சிலிக்கானை மனதில் வைத்து வகுத்த அந்தச் சோதனை இருட்டறையில் நடக்கிறது. பெரோவ்ஸ்கைட்டின் பகை வெளிச்சமும் சூடும் சேர்ந்து வரும்போதுதான் தெரியும். இரவு வந்து மறுபடி பகல் வரும் சுழற்சியும் அதைப் பாதிக்கும். ஆய்வாளர்களே 2020-இல் கூடிப் பேசி இதற்கான பொதுச் சோதனை முறைகளை வகுத்தார்கள். வகுத்த பிறகும் ஆயுள் கணக்கே இல்லாமல் திறன் எண்ணை மட்டும் தூக்கிப் பிடிக்கும் கட்டுரைகள் வந்துகொண்டிருப்பது எரிச்சலூட்டுகிறது. இதைக் கண்டிப்பவர்களோடு எனக்கும் உடன்பாடே.

ஈயம் பற்றிய பயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அரை மைக்ரான் படலம், ஒரு சதுர மீட்டர்: அதிலுள்ள ஈயம் சுமார் 0.7 கிராம். வழக்கமான சிலிக்கான் பேனல்களின் பற்றவைப்பில் இருக்கும் ஈயம் இதைவிடக் குறைவில்லை. வேறுபாடு ஒன்று உண்டு: பெரோவ்ஸ்கைட்டின் ஈயம் நீரில் எளிதில் கரைந்து செடிகளுக்குள் ஏறும். கண்ணாடி உடைந்தாலும் ஈயத்தைப் பிடித்து நிறுத்தும் படலங்கள், பழைய பேனலைத் திரும்பப் பெறும் சட்டம் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டுமே தவிர, இதை வைத்து ஆராய்ச்சியையே மூடச் சொல்ல முடியாது.

கடைசியாக, கல்லூரி ஆராய்ச்சியால் தொழிலுக்கு என்ன பயன் என்ற ஏளனம். அடுக்குக் கலத்தில் பெருமளவு இழப்பு, படலமும் மின்முனையும் தொடும் விளிம்பில் நடக்கிறது. லித்துவேனியாவின் காவ்னாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள், ஒற்றை மூலக்கூறு தடிமனில் தானாகவே பரவி ஒட்டிக்கொள்ளும் கார்பசோல் சேர்மங்களைத் தயாரித்தார்கள். பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையம் அவற்றை வைத்து 2020-இல் 29.15 விழுக்காடு எட்டியது. இன்று அந்த வகை மூலக்கூறுகள் இல்லாத சாதனைக் கலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பதினைந்து ஆண்டாகியும் கடைக்கு வரவில்லையே என்பவர்கள் சிலிக்கானின் கதையையும் படிக்கலாம். பெல் ஆய்வுக்கூடத்தின் முதல் சிலிக்கான் கலம் 1954-இல் வந்தது. திறன் 6 விழுக்காடு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழு பெர்க் என்ற கல வடிவத்தை 22.8 விழுக்காட்டுத் திறனோடு 1989-இல் வெளியிட்டது. தொழிற்சாலைகள் அதற்கு மொத்தமாக மாறக் கால் நூற்றாண்டுக்கும் மேலானது. பேராசிரியர் விளையாட்டு என்று கேலி செய்பவர் தன் வீட்டு மாடிப் பேனலின் ரசீதை எடுத்துப் பார்க்கட்டும். அதில் 'மோனோ பெர்க்' என்று எழுதியிருக்க நல்ல வாய்ப்புண்டு.