வந்தேறிகள் அல்லோம்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழரைப் பார்த்து, "நீங்கள் எப்போது இங்கு வந்தீர்கள்?" என்று வினவுவோர் உளர். பெரும்பாலும் அன்போடுதான் வினவுகின்றனர். ஆயினும் அவ்வினாவினுள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பிழைப்பை நாடி நேற்று வந்து குடியேறியவர் நாம் என்பதே அத்தீர்ப்பு. அவ்வாறு வந்தோரும் நம்மிடையே உண்டு, அஃது இழிவன்று. ஆனால் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழுதும் நெய்தும் வாழ்ந்துவரும் தமிழர் எங்கிருந்து வந்தனர்? அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களிடம் வந்தது.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வட ஆர்க்காட்டின் சித்தூர், பலமநேர், சந்திரகிரி வட்டங்களும், கடப்பையின் மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும், ஜமீன் பகுதிகள் சிலவும் ஒன்றாக்கப்பட்டுச் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. ம.பொ.சி. அவர்களும் தமிழரசுக் கழகத்தாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் அவர்களின் பரிந்துரையின் வழியாகவும், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தைச் சேர்ந்தது. மொழிப் பெரும்பான்மையும் நிலத்தொடர்ச்சியும் கருதி, சிற்றூரை அலகாகக் கொண்டு அக்கோடு வரையப்பட்டது. எத்துணை நுணுக்கமாக வரையினும் கோட்டின் இருபுறமும் சிறுபான்மையர் எஞ்சுவர். அங்ஙனம் எஞ்சியவர் நாம். வரைந்த கோட்டை அழிக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அக்கோட்டைக் காட்டி நம் வரலாற்றை அழிக்க வேண்டா என்றே கேட்கிறோம்.

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வட எல்லையாகக் கூறுகிறது. சிலப்பதிகாரம் வேங்கட மலைமேல் நிற்கும் திருமாலைக் காட்டுகிறது. ஆழ்வார் பலர் அம்மலையைப் பாடினர். காளத்தியை மூவர் முதலிகளும் பாடினர். கண்ணப்பர் கண் கொடுத்த தலமும் அதுவே. இவை பாட்டுத்தானே, சான்றாகுமா என்பார்க்குக் கல்லே விடை கூறும். 1930களில் திருப்பதி தேவஸ்தானமே தொகுதி தொகுதியாக வெளியிட்ட கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் தெலுங்கிலும் கன்னடத்திலும் அமைந்தவை ஏறத்தாழ 50 மட்டுமே, ஏனையவை தமிழ். பல்லவர் குலத்துச் சாமவை வெள்ளித் திருமேனி அளித்த செய்தி தமிழில் வெட்டப்பட்டது. தெலுங்கைப் போற்றிய விசயநகர வேந்தர் காலத்திலும் மலைமேல் அறச்செயல்கள் பெரிதும் தமிழிலேயே பொறிக்கப்பட்டன. படிப்பவர் இருந்தாலன்றி ஒரு மொழியில் இத்தனை கல்லை வெட்டுவாரோ?

இன்றும் மார்கழியில் திருமலையில் சுப்ரபாதம் நின்று திருப்பாவை ஒலிக்கிறது. தோமாலை சேவை என்னும் பெயரில் தோள்மாலை மணக்கிறது. திருச்சானூர்த் தாயாரின் பெயர் அலர்மேல்மங்கை. பெயரும் பாட்டும் நம்முடையனவாகக் கோயிலில் நிற்க, அம்மொழியைப் பேசுவோர் மட்டும் ஊரில் விருந்தினராவது எங்ஙனம்?

ஈண்டு நம்மவர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். வேங்கடம் முழுவதும் தமிழர்க்கே உரியது, தெலுங்குக்கு அதில் பங்கில்லை என்று மேடைதோறும் முழங்குவார் சிலர். அதுவும் பொய்யே. தாளப்பாக்கம் அன்னமய்யாவின் கீர்த்தனங்களைச் செப்பேட்டில் பொறித்துப் போற்றிய மலை அது. கிருஷ்ணதேவராயர் தம் ஆமுக்தமால்யதாவில் வில்லிபுத்தூர்க் கோதையின் கதையைத் தெலுங்கிற் காவியமாக்கினார். நம் பெண்ணைத் தம் மொழியில் சீராட்டிய அவ்வேந்தரை அயலார் என்போமா? பிறர் பங்கை மறைத்துப் பெறும் பெருமை நமக்கு வேண்டா.

நம் சிக்கலுக்கு உலகில் உடன்பிறப்புகள் உண்டு. யூகோஸ்லாவியாவில் குரோவேசியரின் மொழி ஒரு கூட்டுப்பெயருக்குள் அடக்கப்பட்டது. 1967இல் அந்நாட்டு எழுத்தாளரும் மொழியறிஞரும் அறிக்கை வெளியிட்டுத் தம் மொழியைத் தம் பெயராலேயே அழைக்கக் கோரினர். கடல்கடந்து குடியேறிய குரோவேசியரும், தம்மைப் பொதுப்பெயரில் கரைத்துவிடாமல் தம் பெயரால் குறிக்குமாறு குரல் கொடுத்தனர். 2013இல் அம்மொழி ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளுள் ஒன்றாயிற்று. அவர்கள் தனிநாடு கண்டனர். நாம் அதனை நாடவில்லை. ஆனால் பெயர் போனால் பின்னர் எல்லாம் போகும் என்னும் பாடம் நமக்கும் உரியது.

பெயர் எங்கே போகிறது? முதலில் நம் வீட்டு வாயிலிலேயே போகிறது. கணக்கெடுப்பாளர் வந்து நிற்கிறார்; தாய்மொழி யாது என்கிறார். "ஏதோ எழுதிக்கொள்ளுங்கள், எங்களுக்குத் தெலுங்கும் தெரியும்" என்கிறோம். தெரிந்த மொழியை அவர் கேட்கவில்லை; குழந்தைப் பருவத்தில் தாய் நம்மோடு பேசிய மொழியையே கேட்கிறார். அந்த ஒரு சொல்லில் சோம்பினால், அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பள்ளியையும் ஓர் ஆசிரியரையும் நாமே எழுதிக்கொடுத்து விடுகிறோம்.

பள்ளியின் நிலையும் அதுவே. அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 1956 முதல் அது சட்டம். 2019இல் ஆந்திர அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணை பிறந்தபோது, கட்டாயப் பாடமாகத் தெலுங்கும் உருதுமே பெயர் பெற்றன. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. தாய்மொழிக் கல்விக்காகத் தெலுங்கறிஞர் அன்று எடுத்துரைத்த ஒவ்வொரு நியாயமும் தமிழ்க் குழந்தைக்கும் பொருந்தும்.

அவ்வாறே ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாழும் தெலுங்குக் குழந்தைக்கும் அது பொருந்தும். தமிழகத்தின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தினால் தம் மொழி நலிவதாக அவர்கள் முறையிடும்போது, இங்குள்ள நாம் வாளாவிருத்தல் அறமாகாது. நமக்கு இங்கே வேண்டுவது எதுவோ அது அவர்க்கு அங்கே வேண்டும்.

ஆதலின் நாம் கேட்பன சில. பிள்ளைகள் உள்ள ஊரில் தமிழ் ஆசிரியர் பணியிடம் வெறிதே கிடத்தல் கூடாது. பாடநூல் பள்ளி திறக்கும் நாளில் வருதல் வேண்டும். கல்வெட்டுகளின் மொழி இன்னதென்று வழிகாட்டிப் பலகைகளும் ஊர் வரலாற்று நூல்களும் மறையாமற் கூறுதல் வேண்டும். நம் கடமை அதனினும் எளிது: பிள்ளைக்கு வீட்டில் அகரம் எழுதப் பழக்குவோம், கேட்பவர்க்குத் தாய்மொழி தமிழ் என்போம்.

இனி எவரேனும் "எப்போது வந்தீர்கள்?" என்று வினவினால் சினவாதிருப்போம். அவரைக் கைப்பற்றி அழைத்துச் சென்று, மலைமேற் கோயிற் சுவரைக் காட்டுவோம். ஆனால் அதனைப் படித்துக் காட்ட நம் பிள்ளைக்குத் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ?