மனைக்கட்டும் பனைமரமும்

பரமக்குடியிலிருந்து இராமநாதபுரம் வரையுள்ள 46.7 கிலோமீட்டர் ரஸ்தாவை நான்கு வழிச் சாலையாக்க 2025ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய மந்திரிசபை அனுமதி அளித்தது. சாலை மரங்கள் விழுமே என்று ஜனங்கள் கவலையுறுகிறார்கள்; அது நியாயமே. எனினும் அம்மரங்கள் சர்க்காருடையவை. அவற்றைப்பற்றிக் கேட்க அதிகாரிகளும் நீதிஸ்தலங்களும் உண்டு. ரஸ்தா அகன்றால் அதன் பக்கத்துப் புஞ்சைகளும் தோப்புகளும் மனைக்கட்டுகளாகும். கிரயம் முடிந்த மறுவாரமே அங்கு விழும் பனையையும் வேம்பையும் கேட்பார் ஒருவருமில்லை. பட்டணம் நிழலிழப்பதில் ஒரு பெரும் பங்கு, நிலம் விற்கும் மிராசுதாரர்களாகிய நம்மையே சார்ந்ததென்பது எனது அபிப்பிராயம்.

இக்கரையின் நிலைமை மற்ற ஜில்லாக்களைப் போன்றதன்று. வருஷத்தில் சராசரி 827 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பெய்து தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் உப்புக் காற்றும் மணலுமே. உச்சிப்புளி, மண்டபம் முதலிய இடங்களில் பனை வரிசையை எடுத்துவிட்டு வீடு கட்டினால், முன்பு மரத்தில் மோதிய காற்று சுவரில் மோதும். மணல் முற்றத்திற்கும், அடுத்தவர் கிணற்றுக்கும் வரும். மரங்கள் இருந்திருந்தால் 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி பிழைத்திருக்குமென்று சொல்ல நான் துணியேன். பொங்கிய கடலைப் பனை தடுக்காது. ஆனால் வருஷந்தோறும் வீசும் காற்றைத் தணித்து, மணலை வேரினால் பிடித்துவைக்க அதைவிடத் தகுந்த மரம் இங்கில்லை.

வெட்டிய ஒன்றுக்குப் பத்து நட்டால் போதுமென்று சொல்லுவோர் உண்டு. பனையின் விஷயத்தில் இக்கணக்கு செல்லாது. அது பாளை விடவே பன்னிரண்டு வருஷங்களுக்கு மேலாகும். முளை நிலத்திற்குள் ஆழமாய் இறங்குவதால், நாற்றைப் பிடுங்கி நடுவதும் எளிதன்று. செம்மயிற்கொன்றையை நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். இந்தக் காற்றில் அதன் கிளைகள் முறிந்து விழுவதைப் பிறகு பார்க்கலாம்.

பனை நமது ராஜ்யத்தின் மரம். அதை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021ஆம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் நிலம் கைமாறியபின், அங்கு எத்தனை பனை நின்றதென்பதற்கு அத்தாட்சி எங்கே? கிராம நிர்வாக அலுவலர்கள் புறம்போக்கு மரங்களுக்குக் கணக்கு வைப்பது போலவே, பட்டா நிலத்துப் பனைகளையும் அடங்கலில் உள்ளபடி எண்ணிக் குறித்துவைக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிடில் அனுமதி என்பது வெறும் பேச்சாகும்.

விற்போர் கையிலும் ஓர் உபாயமுண்டு. 2019ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது சுமார் 74 செண்டுக்கு அதிகமான மனைப் பிரிவில், ரஸ்தா நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு பொதுத் திறந்தவெளியாக விடப்பட வேண்டும். அவ்விடம் எதுவாயிருக்கலாமென்பதை நிலத்தைப் பிரிப்பவர் தமக்கு வசதியானபடி வரைகிறார். பெரும்பாலும் விலைபோகாத மூலையே அகப்படும். முன்பணம் வாங்குமுன்பே மரங்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து, அதையே திறந்தவெளியாக விடவேண்டுமென்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எப்படியும் விடவேண்டிய நிலமாதலால், வாங்குபவருக்கு மனை குறையுமென்ற வாதம் நிற்காது. அவ்விடம் தானபத்திரத்தின் மூலம் உள்ளூர் ஸ்தாபனத்திற்குச் சேர்ந்துவிடுவதால், பிற்காலத்தில் ஒருவர் இஷ்டப்படி வெட்டவும் இயலாது. சுமார் இரண்டரை ஏக்கராவுக்குட்பட்ட நிலங்களில், இடம் விட வசதியில்லையெனில் மதிப்புத்தொகை செலுத்தலாமென்று ஒரு சலுகை இருக்கிறது. தோப்பு நிற்கும் நிலத்தில் இச்சலுகை கொடுக்கப்படலாகாது என்பேன். ரொக்கம் நிழல் தராது.

எல்லைப் பனைகள் மனையின் கோட்டிலேயே நிற்பதால் கட்டிடத்திற்கு இடைஞ்சலில்லை. இராமேசுவரத்தில் குடைபோல் விரியும் உடைமரத்தையும் முள்ளென்று வெறுத்து வெட்டுகிறார்கள். மணற்காட்டில் ஆட்டுக்கும் ஆளுக்கும் நிழல் தருவது அதுவே.

புதிதாகப் பனை வைப்போர், ஆவணியில் உதிரும் பழங்களிலிருந்து கொட்டைகளைச் சேர்த்து, புரட்டாசி முடிவதற்குள் பத்தடிக்கு ஒன்றாக, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிட வேண்டும். வீட்டோரத்திற்கு வேம்பும் பூவரசும் ஏற்றவை.