மழைக்குப் பின் வரும் அனுமதி யாருக்கு?

பங்குனி பிறந்தால் கண்மாய்த் தண்ணீர் மடையை விட்டு இறங்கிவிடும். சித்திரையில் உள்வாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். அதில் ஒரு பாளத்தை எடுத்து உடைத்துப் பாருங்கள். மாவு போல உதிரும். அதுதான் கரம்பை, அரசுத் தாள்களில் வண்டல் மண். மழை உங்கள் மேட்டு நிலத்திலிருந்து அடித்துக்கொண்டு போன மேல்மண்ணும், மக்கிய இலைதழையும், ஆடு மாடுகளின் சாணமும் சேர்ந்தது அது. உங்கள் வயலிலிருந்து போன சத்து என்றே சொல்லலாம். அதைத் திரும்ப வயலுக்குக் கொண்டுவர நீங்கள் அனுமதி வாங்க வேண்டும்.

அனுமதி வேண்டும் என்பதில் எனக்கு வருத்தமில்லை. அது எப்போது கைக்கு வருகிறது என்பதில்தான் வருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் பக்கத்து வயல்காரர் இருவரும் சித்திரையில் விண்ணப்பம் கொடுத்தோம். சிட்டா, அடங்கல், சான்று என்று எல்லாம் வைத்துத்தான் கொடுத்தோம். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தின் அறிக்கை வரவில்லை என்றார்கள். அங்கே போனால் இடத்தைப் பார்க்க ஆள் இல்லை என்றார்கள். யாரும் பணம் கேட்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. புரட்டாசி கடைசியில் உத்தரவு வந்தது. அதற்கு முந்தைய வாரம் பெய்த மழையில் உள்வாய் சேறாகிவிட்டது. டிராக்டர் இறங்காது. அந்த உத்தரவு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு நடை மண் கூட எடுக்கவில்லை.

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு தாள் வீட்டில் இருக்கும்.

கரம்பை எப்படிக் கனிமம் ஆனது?

இந்தச் சிக்கலின் வேர் பழையது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் கட்டடக் கல், சரளை, சாதாரண மணல், சாதாரணக் களிமண் ஆகியவற்றைச் சிறு கனிமங்கள் என்று வகைப்படுத்தியது. அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குக் கிடைத்தது. அதன்படி வந்தவைதான் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள். கல் குவாரிக்கும் மணல் குவாரிக்கும் எழுதப்பட்ட அந்த விதிகளுக்குள் கண்மாய்க் கரம்பையும் வந்து சேர்ந்தது. விற்பதற்காக மண் எடுப்பவரும் வயலில் போட எடுப்பவரும் ஒரே விதிப் புத்தகத்தின் கீழ் வந்தார்கள்.

பிறகு அடுக்கடுக்காகச் சேர்ந்தது. 2012 பிப்ரவரியில், 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டுப்பாடில்லாத மணல் கொள்ளையைத் தடுக்க வந்த நல்ல உத்தரவு அது. ஆனால் ஊர்க் குளத்தைத் தூர்வாருவது அதில் சேருமா சேராதா என்ற குழப்பமும் கூடவே வந்தது. 2016 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ஊர்ப் பொதுப்பணியாகக் குளம் குட்டைகளைத் தூர்வாருவதற்கு அந்த அனுமதி தேவையில்லை என்று அறிவிக்கை வெளியிட்ட பிறகே அது தெளிந்தது.

2017 ஏப்ரலில் தமிழக அரசு கட்டணமில்லாமல் எடுக்கும் அளவுகளை வகுத்தது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலாளருக்கு 60 கன மீட்டர். அனுமதி தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருந்தது. 2024-இல் விதி மீண்டும் திருத்தப்பட்டு, அந்த அதிகாரம் வட்டாட்சியருக்கு வந்தது. இ-சேவை வழியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நிலமும் நீர்நிலையும் ஒரே வட்டத்தில் இருந்தால் போதும்.

இது பெரிய மாற்றம். பாராட்ட வேண்டிய மாற்றம். மாவட்டத் தலைநகருக்கு நடந்த நடை வட்ட அலுவலகத்தோடு நின்றது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. விதியில் பருவம் இல்லை.

பருவத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்

மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 225 கன மீட்டர் கரம்பை கிடைக்கும். டிராக்டர் பெட்டிக்கு 3 கன மீட்டர் என்றால் 75 நடை. கண்மாயிலும் வயலிலும் ஆள் நின்று ஒரு நாளைக்கு 8 நடை ஓட்டினால் 10 நாள் பிடிக்கும். ஒரே ஊரில் 30 பேர் கேட்டால், இருக்கும் டிராக்டரையும் ஜேசிபியையும் முறை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கண்மாய் காய்ந்து கிடப்பதோ பங்குனியிலிருந்து ஆனி வரை, ஏறக்குறைய 100 நாள். கோடை மழை அதிலும் சில நாளைத் தின்னும். ஆடிப்பட்டம் பார்ப்பவருக்கு அதற்குள் மண் வயலில் பரவியிருக்க வேண்டும்.

எந்தெந்த நீர்நிலைகளில் மண் எடுக்கலாம் என்ற பட்டியல் மாவட்ட அரசிதழில் வர வேண்டும். உங்கள் கண்மாய் அதில் இல்லை என்றால் இணையத்தில் எத்தனை முறை விண்ணப்பித்தாலும் பயனில்லை. பட்டியல் வைகாசியில் வந்தால் 100 நாளில் பாதி போயிற்று. ஆனியில் வந்தால் அந்த ஆண்டே போயிற்று. தமிழகத்தில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் சுமார் 14,000 நீர்வளத் துறையிடமும், மற்றவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. இரண்டு துறையும் தனித்தனியே பார்த்து, தனித்தனியே பெயர் கொடுத்து, பிறகு பட்டியல் உருவாகிறது. சிறிய கண்மாய்கள்தான் இதில் விட்டுப்போகின்றன. அவற்றை நம்பியிருப்பவர்களும் சிறு விவசாயிகள்தான்.

இன்னொன்று, குத்தகைக்காரர் நிலை. நம் ஊர்களில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. பட்டா நில உடைமையாளர் பெயரில் இருக்கும், உழுபவர் வேறு. சான்று கேட்டால் உடைமையாளர் தயங்குகிறார், கிராம நிர்வாக அலுவலரும் தயங்குகிறார். மண்ணைப் போட்டு உழைக்கப் போகிறவருக்கு மண் கிடைப்பதில்லை.

கட்டுப்பாடு எதற்கு, தாமதம் எதற்கு?

“விட்டுவிட்டால் கொள்ளை போகும்” என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் தள்ளிவிடமாட்டேன், நீங்களும் தள்ளிவிட வேண்டாம். வண்டல் என்ற பெயரில் கிராவலும், சவுடு என்ற பெயரில் மணலும் போனதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டினால் அந்தப் பள்ளத்தில் தேங்கும் நீர் மடை மட்டத்துக்குக் கீழே கிடக்கும், ஆயக்கட்டுக்கு வராது. அடிக் களிமண்ணைத் தாண்டித் தோண்டினால் நீர் பூமிக்குள் இறங்கிவிடும். கரையோரம் தோண்டினால் கரை உடையும். பள்ளத்தில் ஆடு மாடும் பிள்ளைகளும் விழுந்த துயரமும் உண்டு.

ஆகவே ஆழக் கட்டுப்பாடு இருக்கட்டும். கரைக்கும் மடைக்கும் விட வேண்டிய தூரம் இருக்கட்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்ற அளவும், வண்டிக்கு நடைச்சீட்டும் இருக்கட்டும். இவை கண்மாயைக் காக்கும் விதிகள். ஆனால் பட்டியல் தாமதமாவதால் எந்தக் கொள்ளை நின்றது? திருடுபவர் பட்டியலுக்குக் காத்திருப்பதில்லை, இரவில் டிப்பர் கொண்டுவருகிறார். பட்டியலுக்குக் காத்திருப்பவர் நாணயமான விவசாயி மட்டுமே. ஒரு விதி பழையதா, வேண்டாததா என்று பார்க்க அது எந்த ஆண்டில் வந்தது என்று பார்க்க வேண்டியதில்லை. அது எந்தக் கேட்டைத் தடுக்கிறது என்று கேட்டால் போதும். பதில் சொல்ல முடியாத விதியை எடுத்துவிடலாம்.

அரசு செய்யக் கூடியவை நான்கு. முதலாவது, பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும். மண் எடுக்கக் கூடாத நீர்நிலைகளைக் காரணத்தோடு அறிவித்துவிட்டு, மற்றவற்றைத் திறந்துவிடலாம். இரண்டாவது, பட்டியல் எதுவானாலும் மாசி முடிவதற்குள் வெளியாக வேண்டும் என்று விதியிலேயே நாள் குறிக்க வேண்டும். மூன்றாவது, விண்ணப்பத்துக்கு 15 நாளில் பதில் இல்லை என்றால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். நான்காவது, பயிர் செய்பவர் பெயர் அடங்கலில் இருந்தால் அதையே குத்தகைக்காரருக்குச் சான்றாக ஏற்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 2017-லும் 2024-லும் செய்தது போன்ற ஒரு திருத்தம் போதும்.

நாம் செய்ய வேண்டியது

அரசு திருத்தும் வரை கை கட்டி இருக்க வேண்டாம். ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. பங்குனி தொடக்கத்தில் வரும் அந்தக் கூட்டம் நமக்காகவே அமைந்தது போல இருக்கிறது. உங்கள் கண்மாயின் பெயர், சர்வே எண், எத்தனை பேருக்கு மண் வேண்டும் என்ற விவரத்தோடு தீர்மானம் போடுங்கள். அதன் நகலை வட்டாட்சியருக்கும் கண்மாய் எந்தத் துறையிடம் உள்ளதோ அவர்களுக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் பட்டியல் எப்போது வரும் என்று கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். தனி ஆளாகக் கேட்டால் விண்ணப்பம்; ஊராகக் கேட்டால் அது கோரிக்கை.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கரம்பை எல்லா நிலத்துக்கும் மருந்து அல்ல. செம்மண், மணற்பாங்கு நிலத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஏற்கெனவே களியாக இருக்கும் நிலத்தில் வடிகாலைக் கெடுக்கும். உப்பு ஏறிய கண்மாய் மண்ணைப் போட்டால் வயலும் உவராகும். ஒரு ஏக்கருக்கு 75 கன மீட்டரைப் பரப்பினால் 2 சென்டிமீட்டர் கனம் கூட வராது. அந்த மெல்லிய அடுக்கை உரிய நிலத்தில் போட்டால்தான் பலன். மாசியிலேயே கண்மாய் மண்ணையும் வயல் மண்ணையும் பரிசோதனைக்கு எடுத்து, யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று ஊர்ப் பட்டியல் போட்டுக் கொடுங்கள். வட்டாட்சியரின் வேலை பாதி குறையும்.

கரம்பை அடித்தால் வயலுக்கு உரம், கண்மாய்க்குக் கொள்ளளவு. அரசுக்குத் தூர்வாரும் செலவு மிச்சம். மூவருக்கும் ஆதாயமான ஒரு வேலைக்கு உத்தரவு சித்திரையில் கிடைக்க வேண்டும். ஐப்பசியில் கிடைத்தால் அதற்குப் பெயர் அனுமதி அல்ல, மறுப்பு.