மலைக்காடும் நமது கடமையும்

அச்சங்குளம் மழை குறைந்த ஊர். இவ்வட்டாரத்துக் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் ஆதாரமான வைப்பாறு, மேற்கு மலையிலிருந்து வருவது. மலையில் காடிருந்தால் மண் மழைநீரை உறிஞ்சிவைத்துச் சிறுகச் சிறுக விடும். காடழிந்தால் நீர் வெள்ளமாயோடி, வண்டலை வெம்பக்கோட்டை அணையில் நிரப்பும்.

அம்மலையில் 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு இணைந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாயிற்று. மேகமலையின் உயரங்களில் பசுமை மாறா மழைக்காடுகள் உள்ளன.

ஆயினும் எல்லைக் கல் மட்டும் காட்டைக் காத்துவிடாது. அவ்வணில் கிளைவிட்டுக் கிளை தாவி வாழ்வது. மரத்தலைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்றல் அவசியம். அடிவாரத்து மாந்தோப்புகளும் அதற்குப் புகலிடமே. தோப்புக்காரரோ மாங்காயை அணிலுக்கும் தென்னையை யானைக்கும் இழக்கிறார். காட்டின் பயனாகிய நீரைப் பெறுவோர் கீழேயுள்ள நாம். நஷ்டம் ஒருவருக்கு, லாபம் பலருக்கு என்பது கூட்டுறவாகுமா?

ஆகவே, அடிவாரத்து விளைபொருளை நியாயமான விலைக்குக் கொள்முதல் செய்யவும், பயிர்ச்சேதத்திற்கான இழப்பீட்டு மனுக்களை எழுதி உதவவும் நமது சங்கங்கள் முன்வரவேண்டும். காட்டை நன்கறிந்த பளியர் மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அளித்த உரிமைகளை மதித்து, அவர்களைக் கலந்தே காவல் நடைபெறவேண்டும்.

முதலைக் கரைத்து உண்ணும் சங்கம் நிலைக்காது. காடு நம் அனைவருக்கும் பொதுவான முதல். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து முடிவு செய்யவேண்டுமென விரும்புகிறோம்.